ஆண்டுக்கு 120 ரூபாய், ஆளுக்கு ஒரு ஓட்டு

போன வாரம் எங்கள் அமைப்பின் உறுப்பினர் சந்தாவுக்கான ரசீது புத்தகம் அச்சடித்து வந்தது. முதல் ரசீதை ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் அக்காவுக்கு எழுதினேன். ஓராண்டுச் சந்தா 120 ரூபாய். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு அவர் கேட்டார்: "அந்த பஸ் ஸ்டாப் விஷயத்தை இனிமே நானும் உங்களைக் கேக்கலாம்ல?"

அந்த பஸ் ஸ்டாப் எனக்கு நன்றாகத் தெரியும். நிழற்குடை ஓரிடத்தில் இருக்கும், பஸ் முப்பது அடி தள்ளிப் போய் நிற்கும். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் விளக்கு இல்லாத பக்கத்தில்தான் இறங்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நிதியுதவியில் அந்தச் சாலையை ஆய்வு செய்தோம். பெண்களோடு சேர்ந்து நடந்தோம், படம் எடுத்தோம், வரைபடம் போட்டோம், அறிக்கை கொடுத்தோம். அத்தோடு திட்டக்காலம் முடிந்தது. அடுத்த நிதி வேறு தலைப்பில் வந்தது, நாங்களும் வேறு பகுதிக்குப் போய்விட்டோம். நிழற்குடை அங்கேயேதான் இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் உறுத்துகிறது.

உறுப்பினர் திட்டம் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதற்கு அதுதான் காரணம்.

சென்னையில் பெண்கள் நடத்தும் ஒரு சிறிய நகரத் திட்டமிடல் அமைப்பு எங்களுடையது. இதைத் தொடங்குவதா வேண்டாமா என்று எட்டு மாதம் பேசினோம். ஆண்டுச் சந்தா ஆயிரம் ரூபாயாவது இருக்க வேண்டும், வெள்ளி, தங்கம், வைரம் என்று படி வைக்கலாம், மேல்படிக்குப் பையும் டைரியும் கொடுக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் எனக்கு அது கொஞ்சமும் ஒப்பவில்லை. யாருக்காக நடைபாதையை அளக்கிறோமோ அந்தப் பெண்ணைக் கடைசிப் படியில் உட்கார வைக்கும் ஏற்பாடு அது. அதிகம் தர முடிகிறவர்கள் தாராளமாகத் தரட்டும், நன்கொடை என்று எழுதி வாங்கிக்கொள்வோம். ஓட்டு மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

அகமதாபாத்தில் எலா பட் 1972இல் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவாவைத் தொடங்கினார். 1974இல் அந்தப் பெண்கள் 4,000 பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டுத் தங்களுக்கென்று ஒரு வங்கியே கட்டினார்கள். நம் ஊரிலேயே 1978இல் ஜெயா அருணாசலம் ஒர்க்கிங் வுமன்ஸ் ஃபோரத்தைத் தொடங்கியபோது, சின்னச் சின்ன வியாபாரம் செய்யும் பெண்கள்தான் அதன் உறுப்பினர்கள். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்தது இது. நகரத் திட்டமிடலில் இருக்கும் நாம் மட்டும் ஏன் இன்னும் மக்களை 'பயனாளிகள்' என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம்?

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 500 பேர் சேர்ந்தால் ஆண்டுக்கு 60,000 ரூபாய். ஒருவருக்கு ஓராண்டுச் சம்பளம் கொடுக்கக்கூட அது போதாது. நிதியுதவி இனியும் வேண்டும், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியபின், அப்படி வரும் பணத்தைப் பெரிய அமைப்புகள் சிறிய அமைப்புகளுக்குப் பகிர்ந்து கொடுக்க முடியாது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்குத் திறப்பு விழா நடத்துகிற மாதிரி ஏதாவது வேண்டும். ஒரே மனுவை நான்காவது முறையாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு யார் நிதி தருவார்கள்?

நகரத்தை மாற்றுவது அந்த நான்காவது மனுதான். சென்னை மாநகராட்சி 2014இலேயே ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காடு நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் போக வேண்டும் என்கிறது அது. நடைபாதையில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டராவது, கிட்டத்தட்ட ஆறு அடி, வேண்டும் என்று இந்தியச் சாலைக் குழுமத்தின் விதி சொல்கிறது. எங்கள் தெருவில் டேப் பிடித்து அளந்தோம். ஈபி பெட்டியும் பைக்கும் போக இருந்தது இரண்டரை அடி. விதி இருக்கிறது, கொள்கை இருக்கிறது. வருடா வருடம் போய்க் கேட்கத்தான் ஆள் இல்லை. தகவல் உரிமை மனுவுக்குப் பத்து ரூபாய், ஜெராக்ஸ், ஆட்டோ, கூட்டத்துக்கு டீ, அம்மாக்கள் பேசும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர். அந்த 60,000 இதற்கெல்லாம்தான்.

அதைவிடப் பெரியது தலை எண்ணிக்கை. 2022 நவம்பரிலிருந்து வார்டுகளில் பகுதி சபை, அதாவது அந்தந்தப் பகுதி மக்களின் கூட்டம், கூட்டுகிறார்கள். அங்கே படித்த பெண்கள் ஐந்து பேர் எழுந்து பேசினால் "எந்த என்ஜிஓ மேடம்?" என்ற கேள்வி வருகிறது. அதே வார்டில் குடியிருக்கும் எண்பது பெண்கள் ரசீதோடு வந்து உட்கார்ந்தால் கவுன்சிலர் கேட்டுத்தான் ஆக வேண்டும். 2027 முதல் 2046 வரைக்கும் நகரம் எப்படி வளர வேண்டும் என்று சொல்லும் மூன்றாவது மாஸ்டர் பிளானைச் சென்னைக்குப் போடுகிறார்கள். குழந்தையைப் பள்ளியில் விட்டு, ரேஷன் கடைக்குப் போய், அப்புறம் வேலைக்கு ஓடும் பெண்ணின் ஒரு நாள் அதில் எங்கே இருக்கிறது என்று கேட்க எண்ணிக்கை வேண்டும்.

இப்படித் தொடங்க நினைக்கும் மற்ற அமைப்புகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சங்கமாகப் பதிவு செய்திருந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி உறுப்பினர்களும் பொதுக்குழுவும் ஏற்கெனவே இருக்கும். எங்களைப்போல் டிரஸ்டாக இருந்தால் முடிவெடுப்பவர்கள் அறங்காவலர்கள் மட்டுமே. அங்கே 'உறுப்பினர்' என்று அட்டை கொடுப்பது வெறும் பெயர்தான், உரிமை எதையும் எழுதி வைக்காவிட்டால். அதனால் நாங்கள் விதி எழுதினோம். அடுத்த ஆண்டில் செய்யப்போகும் இரண்டு வேலைகளை உறுப்பினர் கூட்டம் தேர்ந்தெடுக்கும். அதில் ஒன்றை எங்களால் செய்ய முடியாவிட்டால் காரணத்தை எழுத்தில் கொடுப்போம். கணக்கைத் தமிழில், ஒரே தாளில், கூட்டத்தில் வாசிப்போம்.

அச்சடித்த ரசீது எதற்கு, எல்லாரும் ஜிபேயில் அனுப்பலாமே என்று கேட்டார்கள். பாதிப் பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் கணவர் கையில் இருக்கிறது. சந்தா அந்தப் பெண்ணின் கைக்காசிலிருந்து, அந்தப் பெண்ணின் பெயரில் வர வேண்டும். புதுப்பிக்கும் மாதத்தையும் பெண்களே முடிவு செய்தார்கள். ஜூன் வேண்டவே வேண்டாம், பள்ளி திறக்கும் மாதம் என்றார்கள். சரி, மார்ச் என்று வைத்திருக்கிறோம்.

இதுவரை 43 பேர் சேர்ந்திருக்கிறார்கள். முதல் உறுப்பினர் கூட்டம் மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. சமையல் முடித்துச் சாப்பிட்டுவிட்டு வரலாம், குழந்தைகளையும் கூட்டி வரலாம். அந்த நிழற்குடையைத்தான் முதல் வேலையாக எழுதச் சொல்லப்போகிறேன் என்று தையல் கம்பெனி அக்கா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.