குவான்டாஸ் விமானங்கள் பற்றிய வாட்ஸ்அப் செய்தி தவறு

“போயிங் 737 தடை செய்யப்பட்டுவிட்டது, அதனால்தான் குவான்டாஸ் ஏர்பஸ்ஸுக்கு மாறுகிறது” என்ற செய்தி சேலம், ஏற்காடு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. (குவான்டாஸ் ஆஸ்திரேலிய விமான சேவை நிறுவனம்; போயிங், ஏர்பஸ் இரண்டும் விமானங்களைத் தயாரிக்கும் நிறுவனங்கள்.) ஆஸ்திரேலியாவில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் பலர் இதைப் படித்துக் கலங்கியிருப்பது வருத்தமளிக்கிறது.

அப்படித் தடை எதுவும் இல்லை. 2019 மார்ச்சில் உலகெங்கும் பறக்கவிடாமல் நிறுத்தப்பட்டது 737 மேக்ஸ் என்ற வேறு வகை. அதற்கும் இந்தியா 2021 ஆகஸ்டில் அனுமதி அளித்துவிட்டது. குவான்டாஸ் வைத்திருப்பவை 737-800 வகை. அவை இன்றும் பறக்கின்றன.

வயதான விமானங்களை மாற்றும் காலம் வந்தபோது, எரிபொருள் குறைவாகச் செலவாகும், 737-ஐவிட நெடுந்தொலைவு செல்லும் ஏர்பஸ் ஏ321எக்ஸ்எல்ஆர், சிறிய வழித்தடங்களுக்கு ஏற்ற ஏ220 ஆகியவற்றை அந்நிறுவனம் தேர்ந்தெடுத்தது. அதன் துணை நிறுவனமான ஜெட்ஸ்டார் ஏற்கெனவே ஏர்பஸ்ஸின் ஏ320 குடும்ப விமானங்களை இயக்குவதால், இரு நிறுவனங்களின் கொள்முதலையும் இணைத்துத் திட்டமிட முடிந்தது என்பது, என் பார்வையில், முக்கியமான காரணம். 2021 டிசம்பர், 2022 மே மாதங்களில் குவான்டாஸ் வெளியிட்ட அறிவிப்புகளை அதன் இணையதளத்திலேயே படிக்கலாம்.

கமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பறக்கும் ஏ.டி.ஆர். என்ற சிறிய விமானத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இந்த விளக்கத்தையும் பதிவிடுங்கள்.