காரக்குழம்புக்குக் கபர்னே ஊற்றாதீர்கள்

நம் வீட்டுச் சாப்பாட்டுக்குச் சிவப்பு ஒயின் ஒத்துவராது என்று பலர் சொல்கிறார்கள். அவர்கள் குடித்துப் பார்த்தது என்ன என்று விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: ஓக் பீப்பாயில் ஊறிய, 14.5 சதவீத ஆல்கஹால் உள்ள கபர்னே சாவிஞோன் என்ற கனமான சிவப்பு ஒயின். அதுவும் ஏப்ரல் மாதத்துச் சென்னையின் அறைச் சூட்டில். தொட்டுக்கொள்ளப் புளி தூக்கலான காரக்குழம்பு. இப்படிக் குடித்தால் யார் வாயும் எரியத்தான் செய்யும். என் கட்சி இதுதான்: நம் சமையலுக்கு இலேசான, புளிப்புள்ள, துவர்ப்புக் குறைந்த சிவப்பு ஒயினை வாங்கி, கொஞ்சம் குளிரவைத்துக் குடிக்க வேண்டும். கனமான ஒயினைவிட இது பெரும்பாலும் விலையும் குறைவு. ஆனால் ஒயின் என்றாலே விலையும் கனமும்தான் தரம் என்று நினைப்பவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

காரணத்தைப் பார்ப்போம். சிவப்பு ஒயினின் துவர்ப்பு டானினிலிருந்து வருகிறது. திராட்சைத் தோல், விதை, ஓக் மரம் மூன்றும் அதைக் கொடுக்கும். பாக்கிலும் கடுக்காயிலும் கறுப்புத் தேநீரிலும் இருப்பதும் டானின்தான். எச்சிலில் உள்ள புரதத்தை அது பிடித்துக்கொள்வதால் ஈறும் நாக்கும் வறண்டுபோகின்றன. கொழுப்பும் புரதமும் உள்ள இறைச்சி வாயில் இருந்தால் டானினின் ஒரு பகுதி அதோடு சேர்ந்துவிடும், துவர்ப்பு அடங்கும். மிளகாய்க் காரம் இருந்தால் கதையே வேறு. சூட்டை உணரும் நரம்பு முனைகளைத்தான் மிளகாயின் காப்சைசின் தூண்டுகிறது, ஆல்கஹாலும் அதே முனைகளைத்தான் தூண்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் எரிச்சல் ஏறும். அதன்மேல் டானினும் உட்கார்ந்தால் பழச்சுவை காணாமல் போய்க் கசப்பு மட்டும் மிஞ்சும்.

அடுத்தது புளி. திராட்சையின் முக்கிய அமிலம் டார்டாரிக் அமிலம். நம் புளியிலும் அதேதான், இன்னும் அடர்த்தியாக. தட்டில் உள்ள புளிப்பு ஒயினின் புளிப்பை மிஞ்சிவிட்டால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். வத்தக்குழம்புக்கு முன்னால் எந்தச் சிவப்பு ஒயினும் நிற்காது. முயற்சி செய்து காசை வீணாக்க வேண்டாம்.

சுவை பார்க்கும் முறையில் பெரிய சடங்கு எதுவும் இல்லை. பல் துலக்கிய உடனேயோ, காபி குடித்த கையோடோ, வெற்றிலை போட்ட வாயோடோ பார்க்காதீர்கள். வாய் குவிந்த கண்ணாடிக் கிளாஸில் 60 மில்லி போதும். நிறைய ஊற்றினால் மணம் சேர இடம் இருக்காது. முதலில் அசைக்காமல் முகருங்கள், பிறகு சுழற்றி முகருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க் கெட்டிருக்கிறது, அந்த பாட்டில் தேறாது. நெயில் பாலிஷ் அல்லது வினிகர் நெடி அதிகமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பற்றவைத்த தீக்குச்சி வாடை மட்டும் பத்து, பதினைந்து நிமிடத்தில் காற்றுப் பட்டுப் போய்விடக்கூடும், பொறுத்துப் பாருங்கள். பிறகு ஒரு வாய் எடுத்து ஐந்து விநாடி வாயில் வைத்திருங்கள். கன்னத்தின் உள்பக்கம் எவ்வளவு எச்சில் ஊறுகிறது என்பது புளிப்பின் அளவு. ஈறு எவ்வளவு வறள்கிறது என்பது டானினின் அளவு. விழுங்கியதும் தொண்டையில் தெரியும் சூடு ஆல்கஹால்.

சோறு வருவதற்கு முன் இப்படிப் பார்ப்பது பாதி வேலைதான். ஒரு வாய் ஒயின், ஒரு கவளம், மறுபடி ஒரு வாய் ஒயின். அந்த இரண்டாவது வாயில் பழம் இன்னும் தெரிந்தால் ஜோடி சரி. கசந்தாலோ தண்ணீராகத் தெரிந்தாலோ சரியில்லை. தனியாகக் குடித்தபோது பிரமாதமாக இருந்த ஒயின் இந்தச் சோதனையில் தோற்பது சர்வசாதாரணம்.

சிவப்பு ஒயினை அறைவெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற பழைய விதி ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளில் பிறந்தது. அங்கே அறைவெப்பம் என்றால் 16, 18 டிகிரி. நம் ஊரின் 32 டிகிரியில் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் முட்டும். பாட்டிலை ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வையுங்கள், இலேசான ஒயின் என்றால் இன்னும் கூடுதல் நேரம். 13 டிகிரி பக்கம் இருந்தால் நல்லது, கிளாஸில் அதுவாகவே ஏறிக்கொள்ளும். டானின் நிறைந்த ஒயினை மட்டும் அளவுக்கு மீறிக் குளிரவைக்கக் கூடாது, துவர்ப்பு முரடாகிவிடும்.

இனி தட்டுக்கு வருவோம். நம் சமையலில் சிவப்பு ஒயினுக்கு ஆகச் சிறந்த துணை மிளகு. இது வெறும் ரசனைப் பேச்சு இல்லை. சிரா திராட்சையில் தெரியும் மிளகு வாசனைக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற பொருள் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். கறுப்பு மிளகிலும் அதே பொருள் இருக்கிறது. குளிர்ப் பகுதியில் விளைந்த சிராவில் இது கூடுதல். பிரான்ஸின் வடக்கு ரோன் பள்ளத்தாக்கின் க்ரோஸ் எர்மிதாஜ் ஒயின் நல்ல உதாரணம். இந்தியாவில் என்றால் நாசிக், நந்தி மலைப் பக்கத்து ஷிராஸ் கிடைக்கிறது, சிராவுக்கே இன்னொரு பெயர்தான் அது. லேபிளில் 13.5 சதவீதத்துக்கு மேல் போகாததை எடுங்கள்.

அதற்கு மட்டன் மிளகு வறுவல் செய்யுங்கள். அரை கிலோ எலும்புக் கறி, 150 கிராம் சின்ன வெங்காயம், மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய், இஞ்சி பூண்டு விழுது, கொஞ்சம் சோம்பு, கறிவேப்பிலை. மிளகாய்த்தூள் வேண்டாம், காய்ந்த மிளகாய் இரண்டு போதும். தக்காளி சிறியது ஒன்று, புளி கூடவே கூடாது. புதிதாக இடித்த மிளகு ஒன்றரை தேக்கரண்டி, அதுவும் இறக்கும்போது. முதலிலேயே போட்டால் வாசனை ஆவியாகிக் காரம்தான் மிஞ்சும். உப்பில் கஞ்சத்தனம் வேண்டாம், ஒயினின் கசப்பை உப்பு மட்டுப்படுத்தும்.

பிரியாணிக்கு ஸ்பெயினின் ரியோஹா கிரியான்சா என்ற சிவப்பு ஒயின். டெம்ப்ரனியோ திராட்சை, குறைந்தது ஓராண்டு ஓக் பீப்பாயில் இருந்திருக்கும். கிராம்பின் வாசனைப் பொருளான யூஜெனால், தீயில் வாட்டிய ஓக்கிலிருந்தும் ஒயினில் இறங்குகிறது. சீரக சம்பா பிரியாணியின் பட்டை, கிராம்போடு அது சேர்ந்துகொள்கிறது.

தேங்காய்ப்பால் ஊற்றிய கோழிக் குழம்புக்கு பிரான்ஸின் பூஜொலே பகுதி ஒயின். கமே திராட்சையை முழுக் கொத்தாகக் கரியமில வாயுவில் புளிக்கவிடும் முறை அங்கே பரவலாக இருப்பதால் டானின் அதிகம் இறங்காது. காளான் மிளகு வறுவலுக்குப் பினோ நுவார் என்ற இலேசான சிவப்பு ஒயின். தக்காளித் தொக்கு மாதிரி புளிப்புள்ளவற்றுக்கு இத்தாலியின் பார்பெரா. புளிப்பு அதிகம், டானின் குறைவு, வேறென்ன வேண்டும்? செட்டிநாட்டுக் காரம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள், இலேசாக இனிக்கும் லாம்புருஸ்கோ என்ற குமிழியுள்ள இத்தாலியச் சிவப்பு ஒயினை ஜில்லென்று குடிக்கலாம். இனிப்பு காரத்தைத் தணிக்கும். அதன் குமிழி சிலருக்கு எரிச்சலைக் கூட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மீனுக்கு வேண்டாம். சிவப்பு ஒயினோடு மீன் கவிச்சி தூக்கலாகத் தெரிவதற்கு ஒயினில் உள்ள இரும்புச்சத்து முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வு ஒன்று 2009இல் காட்டியது. மீன் குழம்பில் புளியும் உண்டு. வெள்ளைக்குப் போய்விடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் நாம் சாப்பிடும் வரிசைதான். குழம்பு, ரசம், மோர் என்று பத்து நிமிடத்தில் வாயை மூன்று முறை மாற்றுகிறோம். எந்த ஒயினும் இதற்கு ஈடுகொடுக்காது. வறுவலையோ தொக்கையோ முதலில் தனியாக, தோசை, பரோட்டா, வெறும் சோறு இவற்றில் ஒன்றோடு வையுங்கள். அதோடு ஒயினை முடித்துக்கொள்ளுங்கள். ரசம் வந்ததும் கிளாஸை எடுத்துவிடுவதே நல்லது. ஊறுகாயைக் கண்ணிலேயே காட்டாதீர்கள்.

அன்பளிப்பாக வந்த கபர்னே வீட்டில் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். கொழுப்புள்ள நல்லி எலும்பை உப்பும் மிளகும் மட்டும் போட்டு வறுக்கும் நாளில் திறவுங்கள். குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாயகன்ற கண்ணாடி ஜாடியில் ஊற்றி வையுங்கள். வெறுமனே கார்க்கைப் பிடுங்கி வைத்தால் அந்தச் சின்னக் கழுத்து வழியாக ஒன்றும் நடக்காது. மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வைத்தால் மூன்று நாள் தாங்கும், அதற்குமேல் சமையலுக்குத்தான்.