போன் மைக் பிளந்ததற்குப் பாடகி என்ன செய்வாள்?

நீடாமங்கலம் பக்கத்து அம்மன் கோயில் திருவிழாக் கச்சேரியில் ஒரு பெண் இங்கிலீஷ் ராக் பாட்டுப் பாடும் வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளாக அதுதான் ஓடுகிறது. மொத்தம் 38 நொடி. கீழே கமெண்டில் ‘கத்துது’, ‘ஆம்பளைக் குரல்’, ‘இந்த உடம்புக்கு இந்தச் சத்தம்கூட வரலன்னா எப்படி’. கடந்து போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

அந்தப் பெண் கத்தவில்லை. பாடினாள். முதலில் இதை வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதைப் பிறகு பேசுவோம்.

கிளிப் எடுத்த மகராசன் நின்றது குழாய் ஸ்பீக்கருக்கு நேர் கீழே. அந்த அழுத்தத்தை போன் மைக் தாங்காது. ஒலி அலையின் உச்சியை வெட்டிவிடும், வெட்டுப்பட்டது கரகரவென்றுதான் கேட்கும். அங்கே நின்று பி. சுசீலா பாட்டைப் பதிவு செய்திருந்தாலும் கதி அதுதான். போன் பிளந்ததற்குத் தொண்டையைத் திட்டுகிறீர்கள்.

அவள் பாடியது ‘பாரகூடா’. நாகப்பட்டினம் மீன் மார்க்கெட்டில் ஷீலா என்று விற்பார்களே, அதே பல்லுக்கார மீன். ஹார்ட் என்ற அமெரிக்க ராக் குழுவுக்காக அதன் பாடகி ஆன் வில்சன் 1977-ல் பாடியது, ‘லிட்டில் குயின்’ ஆல்பம். அது பிறந்த கதை தெரிந்திருந்தால் இந்தப் பாட்டுக்குக் கீழே இந்தக் கமெண்டைப் போட உங்களுக்கே கூச்சமாக இருந்திருக்கும். அவர்களுடைய ரெக்கார்டு கம்பெனியே, ஆனுக்கும் தங்கை நான்சிக்கும் தகாத உறவு என்று அர்த்தம் வரும்படி ஒரு விளம்பரம் போட்டது. ஒரு கச்சேரி முடிந்ததும் ஒரு ஆள் வந்து ‘உன் காதலர் எப்படி’ என்று ஆனிடம் விசாரிக்கிறான். கேட்டது தங்கையைப் பற்றி என்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. ஓட்டல் அறைக்குப் போய் அந்தக் கோபத்திலேயே வரிகளை எழுதினார். உங்களைப் போன்ற வாய்களுக்காகவே எழுதிய பாட்டு சார் அது.

சரி, ‘கத்துறது யாராலும் முடியும்’ என்கிறவர்களுக்கு. கிட்டார் ஓடுவது குதிரைப் பாய்ச்சல். ஒரு தட்டுக்கு நாலு மாத்திரை, முதல் அடி ரெண்டு மாத்திரை, அடுத்த ரெண்டும் ஒவ்வொன்று: தா-தக, தா-தக. வேகம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 137 தட்டு. வலது உள்ளங்கை ஓரம் பிரிட்ஜில், அதாவது தந்திகள் உடம்பில் தாங்கி நிற்கும் கட்டையில், படிந்திருக்க வேண்டும். எடுத்தால் தந்தி ஓலமிடும், அதிகம் அழுத்தினால் சுருதியே செத்துவிடும். மணிக்கட்டு இறுகினால் எட்டாவது வரியிலேயே பாய்ச்சல் நொண்டி அடிக்கும். நம் குழுக்களில் இன்னொரு வம்பு, ரிதம் பேட் என்ற மின்தாளப் பலகை வாசிக்கிறவர் பழக்க தோஷத்தில் குத்துத் தாளத்தை உள்ளே நுழைப்பார். ரெண்டும் மோதினால் பாடகிக்கு எடுப்பு, அதாவது பாட்டைத் தொடங்கும் இடம், கிடைக்காது. கிட்டாரின் சுழல் ஒலிக்கு ஃபிளேஞ்சர் என்ற எஃபெக்ட்டை மெதுவாகச் சுழல விட வேண்டும், வேகத்தைக் கூட்டினால் கேட்கிறவனுக்குக் கிறுகிறுக்கும்.

குரலுக்கு வருவோம். சுருதி உயரமாக இருக்கிறது என்று கீபோர்டில் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிவிட முடியாது. கிட்டார் நிற்பது விரல் வைக்காமல் மீட்டும் திறந்த ஈ (E) தந்தியின் மேல். வேண்டுமானால் ஆறு தந்தியையும் அரைக்கட்டை இறக்கலாம், அவ்வளவுதான். பாட்டில் அந்த நீண்ட ‘ஊ’ இருக்கிறதே, உதட்டைக் குவித்தபடியே மேலே ஏறினால் தொண்டை அடைத்துக்கொள்ளும். வெளியே ஊ, உள்ளே ஓ. தாடை தளர வேண்டும். காற்றைக் கூட்டித் தள்ளுவது பலமில்லை. குரல் நாண் நன்றாக மூடினால் கொஞ்சம் காற்றே போதும். தாழ்ந்த வரிக்கு மைக் வாயிலிருந்து ரெண்டு விரல், உச்சிக்கு ஒரு சாண். வலைத்தலையைக் கையால் பொத்தினால் ஊளைதான் மிஞ்சும். அவள் பொத்தவில்லை, கிளிப்பை நிறுத்திப் பாருங்கள்.

பாடகிக்குத் தன் குரலைக் கேட்கவைக்கும் ஸ்பீக்கர், மானிட்டர், மேடையில் எங்கே இருந்தது தெரியுமா? டிரம்ஸுக்குப் பின்னால். தன் குரல் தன் காதில் விழாத எவரும் கூடுதலாகத் தள்ளத்தான் செய்வார்கள், தொண்டை உடைவதும் அங்கேதான். மைக்கின் வால் நோக்கும் திசையில், காலடியில் இருந்திருக்க வேண்டும் அது. மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ரெண்டு டெசிபல் குறைத்திருந்தால் காதைக் குத்தியிருக்காது. எக்கோவை முழுக்கத் திருகி வைத்தது வேறு. இத்தனையையும் மீறி அவள் சுருதி விலகவில்லை!

‘அம்மன் கோயிலில் இங்கிலீஷ் பாட்டு எதுக்கு?’ நியாயமான கேள்விதான், நானாக இருந்தால் கடைசிப் பாட்டாக வைத்திருப்பேன். ஆனால் ஆடி மாசம் விடிகாலை எல்.ஆர். ஈஸ்வரி குழாயில் முழுத் தொண்டையில் வரும்போது பக்தி, இவள் பாடினால் கத்தலா? நரசிங்கம்பேட்டை ஆச்சா மரத்து நாதஸ்வரம் நாலு தெருவுக்குக் கேட்கும். யாராவது ‘கத்துது’ என்பீர்களா? வாசிப்பவர் ஆண் என்றால் அது கம்பீரம், அப்படித்தானே.

திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையில் பெண்கள் பாடவே கூடாது என்று வைத்திருந்த ஊர்தானே நாம். 1920-களில் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் காசைக் கொட்டி அந்தச் சமாதியைக் கட்டினார். கட்டியவரையே பாட விடவில்லை. பெண்களைத் தனி அணியாகச் சேர்த்துத்தான் பாடினார். அவர் சிலை இன்று சமாதியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. செல்ஃபி எடுக்கிறீர்கள்.

உடம்பைப் பற்றிப் பேசினீர்களே. 1980-களில் வீடியோக்களில் ஆன் வில்சன் உடம்பை மறைக்க என்னவெல்லாமோ செய்தார்கள், நிழலில் நிறுத்தினார்கள், கேமராவைத் தங்கை பக்கமே திருப்பினார்கள். 1987-ல் அவர் பாடிய ‘அலோன்’ அமெரிக்காவில் மூணு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதற்கு உடம்பா பாடியது? சின்ன வயசில் திக்குவாய் அவருக்கு. 2012-ல் லெட் ஸெப்பெலின் என்ற ராக் குழுவுக்கு மரியாதை செய்த மேடையில் அவர்களுடைய பாட்டையே அவர்கள் முன்னால் பாடினார், அந்தக் குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்ட் கண் கலங்கினார். 2024-ல் புற்றுநோய், கீமோ. அடுத்த வருஷம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார், 74 வயசில். அவரையும் ‘கத்துது’ என்று சொல்லிவிட்டுப் போங்களேன்.

‘ஆன் வில்சனும் இந்தப் பொண்ணும் ஒண்ணா’ என்று ஒருத்தர் வருவார். ஒண்ணு என்று நான் சொல்லவே இல்லை. மூணாவது வரியில் மூச்சு எடுத்த இடம் தப்பு, அதனால் கடைசிச் சொல் அறுந்தது. அதைச் சொல்லுங்கள், அவள் கேட்டுக்கொள்வாள். ஒரு கமெண்டிலாவது அது இருந்ததா?

கடைசியாக, சிரிப்பு எமோஜி போட்டவர்களில் ஒருவர் அந்த விழாக் குழுவிலேயே இருக்கிறார். அண்ணே, பாட்டுக் குழுவுக்கு இன்னும் பாதிப் பணம் வரவில்லை. முதலில் அதைக் கொடுங்கள்.