கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸைக் கேலி செய்யாதீர்கள்

1899 சீசனில் 154 ஆட்டத்தில் 134 தோற்ற கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ் என்ற அமெரிக்க அணியை 'பேஸ்பால் வரலாற்றின் கேலிக்கூத்து' என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எண்ணிக்கை சரிதான். ஆனால் பழி ஆட்டக்காரர்கள் தலையில் விழுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அணியின் முதலாளிகளான ராபிசன் சகோதரர்கள் அந்த ஆண்டு செயின்ட் லூயிஸ் அணியையும் வாங்கினார்கள். ஒரே லீக்கில் இரண்டு அணி, ஒரே முதலாளி! அன்றைக்கு அதற்குத் தடை இல்லை. சை யங், ஜெஸ்ஸி பர்கெட், பாபி வாலஸ் என்று நல்ல ஆட்களை எல்லாம் அங்கே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அப்படியும் செயின்ட் லூயிஸுக்கு 5-வது இடம்தான் கிடைத்தது.

கிளீவ்லாந்து ரசிகர்கள் மைதானத்துக்கு வருவதையே விட்டுவிட்டார்கள். 42 உள்ளூர் ஆட்டங்களுக்கும் சேர்த்து 6,088 பேர். ஆட்டத்துக்கு 145 பேர் கூடத் தேறாது. டிக்கெட் வசூலில் வரும் பங்கு ரயில் செலவுக்கே கட்டாது என்று எதிரணிகள் வர மறுத்ததால், மீதி 112 ஆட்டங்களையும் வெளியூரிலேயே ஆடினார்கள். அதில் 101 தோல்வி. ஊர் ஊராக, மாதக்கணக்கில், தோற்போம் என்று தெரிந்தே மைதானத்தில் இறங்குவது எவ்வளவு பெரிய வேதனை! தொடர்ந்து 24 ஆட்டம் தோற்றார்கள். அப்போதும் அடுத்த ஆட்டத்துக்கு வந்து நின்றார்கள்.

கடைசி நாள் சின்சினாட்டியில், ஹோட்டல் சுருட்டுக் கடையில் வேலை பார்த்த ஓர் இளைஞரைப் பந்து வீச வைத்தார்கள். 19-3 தோல்வி. அடுத்த ஆண்டே அவர்கள் ஆடிய நேஷனல் லீக் தன் 12 அணிகளை 8 ஆகக் குறைத்தது, ஸ்பைடர்ஸும் போயிற்று. தயவுசெய்து கட்டுரையில் ராபிசன்கள் செய்ததையும் சேருங்கள்.