நாலு போர்ட் இருக்கு சார்!

கிருஷ்ணகிரியில் ஓஎல்இடி டிவி பார்க்கப் போனால் ஒரு கேள்விக்கும் நேரான பதில் கிடையாது. டிவிக்குப் படமும் ஒலியும் கொண்டுவரும் கேபிள் இணைப்பில் வேகமான ரகம் ஹெச்டிஎம்ஐ 2.1. "அது எந்தெந்த போர்ட்ல வரும்?" என்று கேட்டால், "நாலு போர்ட் இருக்கு சார், பென்டிரைவ்கூடப் போடலாம்" என்கிறார் கடைப் பையன். நாலு இருப்பது எனக்கும் தெரிகிறது தம்பி! பிஎஸ்5 கேம் கன்சோலை 4கே தெளிவில், 120 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 120 படம்) ஓட்ட எதில் செருகுவது என்பதுதான் கேள்வி. பல மாடல்களில் நாலில் இரண்டுக்குத்தான் அந்த வேகம். சிலதில் அந்த இரண்டில் ஒன்றேதான் டிவி ஒலியைச் சவுண்ட்பாருக்கு அனுப்பும் இஆர்க் போர்ட்டும். அப்புறம் மிச்சம் ஒன்று. இதைப் பெட்டிமேல் பெரிய எழுத்தில் போட்டால் குடியா முழுகிவிடும்?

அடுத்து ஷோரூம் வெளிச்சம். திரையின் ஒவ்வொரு புள்ளியும், அதாவது பிக்சலும், தனித்தனியாக அணைந்து தரும் முழுக் கறுப்புதான் ஓஎல்இடியின் பெருமையே. கல்யாண மண்டபம் மாதிரி விளக்கைப் போட்டு, பக்கத்து எல்இடியை நிறத்தைக் கூட்டிக் காட்டும் விவிட் மோடில் அலறவிட்டால் வித்தியாசம் எங்கே தெரியும்? ஓடுவதும் கிளியும் பூவும்தான். ஒரு கேம் போட்டுக் காட்டச் சொன்னால் முறைக்கிறார்கள்.

வீட்டில் அப்பாவுக்கு விடிந்தால் அடைந்தால் செய்திச் சேனல். மூலையில் லோகோ, கீழே அசையாத பிரேக்கிங் பட்டை. வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் எரிந்தால் திரையில் தடம் விழலாம். வாரண்டியில் அது சேருமா? "பிக்சல் ஷிப்ட் இருக்கு சார், படத்தை லேசா நகர்த்திக்கிட்டே இருக்கும், ஒண்ணும் ஆகாது." எழுதித் தருவீங்களா? "பெங்களூர்ல கேட்டுச் சொல்றேன் சார்." பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர்தான். பதில் இன்னும் ஓசூரைத் தாண்டவில்லை.