குறட்டை விடுகிறான் என்றால் தூங்குகிறான் என்று அர்த்தமில்லை

அமெரிக்காவில் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) ஷெரிஃப் (அதன் காவல் தலைவர்) அலுவலகத்தில் கரெக்‌ஷன்ஸ் டெபுடி வேலை, அதாவது ஜெயிலில் கைதிகளைக் காவல் காக்கும் வேலை, என்றதும் நம் ஆட்களுக்கு மனசில் வருவது இடுப்பில் துப்பாக்கியோடு நிற்கும் முரட்டு ஆசாமி. உள்ளே துப்பாக்கியே கிடையாது. வாசலில் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். கைதி பிடுங்கிவிட்டால் கதை முடிந்தது, அதனால்தான். முரட்டுத்தனம் தேவைப்படும் நிமிடங்கள் ஒரு மாதத்தில் கொஞ்சம்தான். மீதி நேரம் முழுக்கக் கைதிகளைப் பார்ப்பதுதான் வேலை. அந்தப் பார்வை எங்கே தவறுகிறது, ஏன் தவறுகிறது என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அங்கே ஜெயில் வேறு, பிரிசன் வேறு. தண்டனை வாங்கியவர்கள் வருஷக்கணக்கில் கிடப்பது மாநில அரசோ ஒன்றிய அரசோ நடத்தும் பிரிசனில். ஜெயில் கவுண்டியுடையது, பெரும்பாலான மாநிலங்களில் தேர்தலில் ஜெயித்து வரும் ஷெரிஃப்தான் அதற்குப் பொறுப்பு. 2022 நடுவில் நாடு முழுக்க இந்த ஜெயில்களில் இருந்தவர்கள் சுமார் 6,63,000 பேர். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் மீதான குற்றம் அப்போது நிரூபணமாகியிருக்கவில்லை. நேற்று மதியம் வரை வேலை, வீடு, கார், குழந்தை என்று இருந்தவர் இன்று ராத்திரி ஆரஞ்சு உடையில் உட்கார்ந்திருப்பார். பிரிசனுக்குப் போகிறவருக்கு மனசைத் தயார்படுத்த அவகாசம் இருந்திருக்கும். இவருக்கு அது இல்லை. ஜெயில்களில் உயிரிழப்புக்கான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்தால் தற்கொலைதான் பல ஆண்டுகளாக முதலிடம். அதிலும் ஆபத்தானவை முதல் சில நாட்கள்.

அதனால் எல்லாம் புக்கிங் மேஜையில், அதாவது கைதானவரை ஜெயிலில் சேர்க்கும் இடத்தில், தொடங்குகிறது. உடல் சோதனை, உடைமைப் பட்டியல், கைரேகை, போட்டோ, கையில் பட்டை, அதோடு மருத்துவக் கேள்விகள். ‘தற்கொலை எண்ணம் உண்டா? முன்பு முயன்றதுண்டா?’ இதைத் திறந்த கவுன்ட்டரில், கைது செய்த போலீஸ்காரர் பக்கத்தில் நிற்க, பின்னால் நாலு பேர் காத்திருக்க, திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டால் யார்தான் ‘ஆமாம்’ என்பார்கள்? பதில் ‘இல்லை’, ‘இல்லை’, ‘இல்லை’ என்று போகும். விவரம் தெரிந்த டெபுடி அவரைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்து, முகத்தைப் பார்த்துக் கேட்பார். கூட்டிவந்த போலீஸ்காரரிடம் தனியாக, ‘வண்டியில் ஏதாவது சொன்னாரா, அழுதாரா?’ என்று விசாரிப்பார். மறுநாளும் அதே கேள்வியைக் கேட்பார். வீட்டுக்குப் போன் பேசி முடித்ததும், நீதிமன்றத்திலிருந்து திரும்பியதும் இன்னொரு தடவை. ஜாமீன் கிடைக்காத செய்தி, மனைவி போனை வைத்துவிட்ட சத்தம் எல்லாம் புக்கிங் படிவத்துக்குத் தெரியாது.

இன்னொரு கேள்வியும் உயிர் காக்கும்: கடைசியாக எப்போது குடித்தீர்கள், தினமும் எவ்வளவு? தினசரி குடிகாரருக்குக் கடைசி மடக்குக்குப் பிறகு 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம் ஆரம்பிக்கும். வலிப்பு 48 மணி நேரத்துக்குள் வரலாம். உயிரையே எடுக்கக்கூடிய பிதற்றல் நிலை பெரும்பாலும் இரண்டாம் நாள் முடிவிலிருந்து நாலாம் நாளுக்குள் வரும். வெள்ளிக்கிழமை ராத்திரி பிடிபட்டவருக்கு மோசமான நேரம் ஞாயிறு ராத்திரி. ஆள் குறைவாக இருப்பதும் அன்றைக்குத்தான். கத்துகிறான், சுவரோடு பேசுகிறான் என்றால் திமிர் என்று நினைக்காமல் நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

இனி ரவுண்ட்ஸ், அதாவது அறை அறையாகச் சுற்றி வந்து பார்ப்பது. டெக்சாஸ் விதியையே எடுத்துக்கொள்வோம், எண்கள் தெளிவாக இருக்கின்றன. 48 கைதிகளுக்கு ஓர் அலுவலர். குறைந்தது 60 நிமிடத்துக்கு ஒரு தடவை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். மனநலம் பாதிக்கப்பட்டவர், தற்கொலை எண்ணம் இருக்கக்கூடியவர், அடிதடிக்குப் போகிறவர் இருக்கும் பகுதி என்றால் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை. 12 மணி நேர ஷிப்டில் அது 24 சுற்று. இதற்கு நடுவில் சாப்பாட்டுத் தட்டு, மாத்திரை வண்டி, நீதிமன்றத்துக்கு ஆள் அனுப்புவது, வக்கீல் சந்திப்பு, கொடுத்த ரேஸரை எண்ணித் திரும்ப வாங்குவது. எங்காவது ஒரு தட்டு கொட்டினால், ஒரு சண்டை வந்தால், ஒரு சுற்று போயிற்று.

பார்ப்பது என்றால் என்ன? நடந்துகொண்டே கண்ணாடி வழியாகத் தலையைத் திருப்புவது பார்ப்பது ஆகாது. தோல் தெரிய வேண்டும், மார்பு ஏறி இறங்குவது தெரிய வேண்டும். தலையோடு போர்த்திக்கொண்டு படுத்திருந்தால் கதவைத் தட்டி, ‘கையைக் காட்டு’ என்று சொல்ல வேண்டும். திட்டுவார், திட்டட்டும், திட்டுகிறவர் உயிரோடு இருக்கிறார். ஜன்னலில் காகிதம் ஒட்டியிருந்தால் கிழிக்க வேண்டும். அப்புறம் அந்தக் குறட்டை. களகளவென்று தொண்டையில் நீர் தேங்கியது மாதிரி, நடுவில் விட்டு விட்டு வரும் குறட்டை தூக்கத்தின் சத்தம் இல்லை. ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு (அபின் வகைப் போதைமருந்து) மிகையாகிப் போய், மூச்சு நிற்கப் போகிற சத்தமாக இருக்கலாம். தட்டி, உலுக்கியும் எழவில்லையா? உதவியைக் கூப்பிட்டுவிட்டு, நார்கான் (ஓபியாய்டை முறிக்கும் மருந்து) ஸ்ப்ரே 4 மில்லிகிராம் ஒரு மூக்குத் துளையில். மூச்சு நின்றிருந்தால் செயற்கைச் சுவாசம். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். 2-3 நிமிடத்தில் அசைவில்லையென்றால் மறு துளையில் இன்னொன்று. எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று விட்டுவிடவும் கூடாது. நார்கானின் வேகம் 30 முதல் 90 நிமிடத்தில் இறங்கிவிடும், உள்ளே இருக்கும் போதை அதைவிட நீண்ட நேரம் நிற்கலாம். ‘நல்லா தூங்குறான்’ என்று லாக்கில் (சுற்றுகளைக் குறிக்கும் பதிவேட்டில்) எழுதிவிட்டுப் போனவர்கள் பிறகு சாட்சிக்கூண்டில் நின்றிருக்கிறார்கள்.

லாக் என்றதும் 2015 ஜூலையில் டெக்சாஸின் வாலர் கவுண்டி ஜெயிலில் இறந்த சாண்ட்ரா பிளாண்ட் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. வண்டியை நிறுத்தி விசாரித்ததில் தொடங்கிய கைது. மூன்றாம் நாள் அறையில் உயிரில்லை. தற்கொலை என்று முடிவானது. முன்பு தற்கொலைக்கு முயன்றதாகச் சேர்க்கைப் படிவத்திலேயே பதிவாகியிருந்தது. நேருக்கு நேர் பார்க்கும் விதியைப் பின்பற்றவில்லை என்று மாநில ஜெயில் தர ஆணையம் குற்றம் காட்டியது. போகாத சுற்றுக்கு லாக்கில் பதிவு போட்டது வழக்கில் வெளியே வந்தது. அவர் பெயரிலேயே 2017-ல் சட்டம் வந்தது. அதன்படி, அதிக ஆபத்துள்ளவர்களின் அறைகளைச் சரியான நேரத்தில் பார்த்தார்களா என்பதை மின்னணு சென்சாரோ கேமராவோ பதிவு செய்ய வேண்டும்.

நல்ல சட்டம்தான். ஆனால் அந்த சென்சார் சுவரில் பதித்த பொத்தான் என்றால், அதைக் கருவியால் தொட்டதும் ‘டெபுடி இந்த இடத்துக்கு வந்தார்’ என்பது மட்டும்தான் பதிவாகும், பார்த்தார் என்பது பதிவாகாது. பொத்தானைத் தொடுவதே வேலை என்று ஆகிவிட்ட ஜெயில்களும் உண்டு. கைதிகளுக்கும் அந்தத் தாளம் மனப்பாடம். பத்து மணி, பத்தரை, பதினொன்று என்று கடிகாரம் போல வந்தால், நடுவில் 29 நிமிடம் தங்களுக்கு என்று கணக்குப் போடுவார்கள். அதனால்தான் தற்கொலைக் கண்காணிப்பில் 15 நிமிடத்துக்கு மிகாமல், ஒழுங்கில்லாத இடைவெளியில் பார்க்கச் சொல்கிறார்கள். நிலைமை மோசம் என்றால் கண்ணை எடுக்காமல் பார்க்க ஓர் ஆள். லாக்கில் எல்லாம் 00, 30 என்று முடிந்தால் விசாரணைக்கு வருகிறவருக்கு முதல் பார்வையிலேயே மூக்கு வியர்க்கும். வீடியோவைப் பக்கத்தில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் குட்டு உடையும். சுற்று தாமதமானால் தாமதமான நேரத்தையே எழுதுங்கள்: ‘10:47, பக்கத்துப் பிரிவில் சண்டை, உதவிக்குப் போனேன்.’ தாமதத்துக்கு விளக்கம் கேட்பார்கள், கொடுக்கலாம். பொய்ப் பதிவு தனிக் குற்றம்.

ஆனாலும் பழி முழுவதும் டெபுடி தலையில் விழுவதை ஏற்கவே முடியாது. ஒரு காவல் போஸ்டை வருஷம் முழுக்க, நாள் முழுக்க நிரப்ப 8,760 மணி நேரம் வேண்டும். விடுப்பு, பயிற்சி, நோய் கழித்தால் ஒருவர் தருவது 1,750-ஐச் சுற்றி. ஆக, ஒரு நாற்காலிக்கு ஐந்து பேர். பட்ஜெட்டில் நாலு பேரை வைத்துவிட்டு ஐந்தாவது ஆளைக் கட்டாய ஓவர்டைமில் பிழிந்தெடுக்கும் கவுண்டிகள் நிறைய. ஓட்டுக் கேட்கிறவருக்கு ரோந்துக் கார் கண்ணில் படும், ஜெயில் படாது. பதினாறாவது மணி நேரத்தில் கண் திறந்திருந்தாலும் எதையும் பார்ப்பதில்லை.

ஷிப்ட் மாறும்போது போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து ஒரு சுற்று நடந்தால் போதும், பாதிப் பிரச்சினை பிடிபடும். ‘மூணாம் நம்பர் ரெண்டு நாளா சாப்பிடல’, ‘ஏழுக்கு நேத்து கோர்ட்ல ஜாமீன் மறுத்துட்டாங்க.’ பத்து நிமிடம். இரண்டு வாரத்தில் ஏழு ஷிப்ட், 84 மணி நேரம். இந்த எழுபது நிமிடத்தைச் சேர்த்தாலும் 85 மணி 10 நிமிடம். ஜெயில் அலுவலர்களுக்கு ஒன்றியச் சட்டம் அனுமதிக்கும் 14 நாள் கணக்கில் 86 மணி நேரம் தாண்டினால்தான் ஒன்றரை மடங்குச் சம்பளம். அந்த முறையில் நடக்கும் கவுண்டிகளுக்கு ஒன்றரை மடங்கு கொடுக்கக்கூட வேண்டாம், சாதாரணச் சம்பளம் போதும். அதையும் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள்.