ஆமாம், எனக்கு மெய்யழகன் நீளம்தான்

நேற்று நடந்த கூத்தை இங்கே பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் நிம்மதியாக இருங்கள், தேட வேண்டாம். நான் எழுதியது நாலே வரி. மெய்யழகன் நல்ல படம், எனக்குக் கொஞ்சம் நீளமாகப் பட்டது, இரண்டாம் பாதியில் ஓரிடத்தில் கண்ணயர்ந்துவிட்டேன். அவ்வளவுதான். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தன் பக்கத்தில் போட்டு, "ஈரமே இல்லாதவர்களெல்லாம் படம் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள்" என்று ஒருவர் எழுத, அதற்குக் கீழே என் ரசனை, என் படிப்பு, என் வளர்ப்பு வரைக்கும் அலசிக் காயப்போட்டுவிட்டார்கள்.

சரி, ஒன்று கேட்கிறேன். டிக்கெட் எடுத்து உட்கார்ந்தவனுக்குத் தூக்கம் வந்தால், வந்தது என்று சொல்லக் கூடாதா? படம் மோசம் என்றா சொன்னேன்? எனக்கு என்ன ஆனது என்றுதானே சொன்னேன்?

இத்தனைக்கும் அதே படத்தில், கல்யாண மேடையிலேயே அந்தத் தங்கச்சி, அண்ணன் கொண்டுவந்த பரிசைப் பிரித்துப் பார்க்கும் இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டவன் நான். சீக்கிரம் தலையைக் காட்டிவிட்டு ஓடிப்போக நினைத்து வந்த மனுஷன், அரவிந்த்சாமி, அந்த இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பாரே, அந்த முகம் ஒன்று போதும். அதையும் அந்த நாலு வரியில் ஒரு வரியாக எழுதியிருந்தேன். ஸ்கிரீன்ஷாட்டில் அந்த வரி மட்டும் எப்படியோ வெட்டுப்பட்டுவிட்டது. தொழில்நுட்பக் கோளாறாக இருக்கும்.

வெட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. 2024 செப்டம்பர் கடைசியில் படம் வந்தது. வந்த சில நாட்களிலேயே படக்குழுவே சுமார் 18 நிமிடத்தைக் குறைத்தார்களே, மறந்துவிட்டீர்களா? நீளம் என்று நான் சொன்னால் எனக்கு ஈரமில்லை. அப்படியானால் கத்தரி போட்டவர்களுக்கு என்ன இல்லை? "உங்களை மாதிரி ஆட்கள் புலம்பியதால்தான் வெட்டினார்கள்" என்று வருவீர்கள், தெரியும். என் புலம்பலுக்கு அவ்வளவு சக்தி இருந்தால் இந்நேரம் தமிழ் சினிமாவில் கிளைமாக்ஸுக்கு முன்னால் வரும் குத்துப்பாட்டு ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் பிடித்தது, பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நான் விமர்சகன் இல்லை, ஆக ஆசையும் இல்லை. ஆரண்ய காண்டம் பார்த்தேன். எப்படி எடுத்திருக்கிறார்கள் என்று வாயைப் பிளந்தேன். தேசிய விருது கொடுத்தது நியாயம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடி பார்ப்பேனா என்றால், மாட்டேன். அந்த நேரத்துக்கு எனக்குக் கில்லிதான். இருபது வருஷம் கழித்து 2024-இல் மறுபடி தியேட்டருக்கு வந்தபோது கூட்டத்தோடு கூட்டமாகக் கத்தியவன். அதற்கும் இங்கே ஒருவர் "வருத்தமாக இருக்கிறது தோழர்" என்று எழுதினார். எனக்கு வருத்தமாக இல்லை தோழர். நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் இந்த "பத்து வருஷம் கழித்துப் புரியும்" கட்சி. இவர்களிடம் கையில் எப்போதும் இரண்டு சீட்டு இருக்கும், குணா, அன்பே சிவம். 1991 தீபாவளிக்குத் தளபதியோடு வந்து குணா அடிபட்டது, 2003 பொங்கலுக்கு வந்த அன்பே சிவம் ஓடவில்லை, இன்று இரண்டையும் கொண்டாடுகிறோம், ஆகவே நீ வாயை மூடு. இது என்ன கணக்கு? ஓடாத படமெல்லாம் காவியமாகிவிடுமா? ஓடாமல் போய், இன்று வரைக்கும் யாருக்கும் பெயர்கூட ஞாபகம் இல்லாத படங்கள் எத்தனை இருக்கும்! அந்தத் தீபாவளிக்குக் குணாவை விட்டுத் தளபதிக்குப் போனவர் முட்டாளா? பண்டிகை நாளில் ரஜினியையும் மம்முட்டியையும் ஒன்றாகப் பார்க்கப் போயிருக்கிறார், பாவம். இதில் இன்னொரு வேடிக்கை, மஞ்ஞும்மல் பாய்ஸ் என்ற மலையாளப் படம் வந்து, அதில் குணாவின் 'கண்மணி அன்போடு' பாட்டு ஒலித்த பிறகு, "நான் அப்பவே சொன்னேன்" என்று கிளம்பியவர்களின் கூட்டம். அத்தனை பேரும் 'அப்பவே' தியேட்டருக்குப் போயிருந்தால் குணா வெள்ளிவிழா கண்டிருக்கும்.

என் அம்மாவைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. அம்மா ஒரு விமர்சனமும் படித்ததில்லை. தில்லு முல்லு டிவியில் போட்டால், ரஜினியைத் தேங்காய் சீனிவாசன் இன்டர்வியூ எடுக்கும் இடம் வரும்வரை அடுப்பைப் பார்க்கப் போகமாட்டார். பெரிய படம் என்று நாங்கள் உட்கார வைத்த பலதில் குறட்டை விட்டிருக்கிறார். ஒருநாள் உதிரிப்பூக்கள் போட்டார்கள். தட்டில் கை காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஊர் கூடி, கொடுமைக்காரனான விஜயனைச் சாகச் சொல்லி ஆற்றுக்குள் அனுப்புகிறது, அவனுடைய இரண்டு பிள்ளைகளும் கரையில் நிற்கின்றன, படம் முடிகிறது. நான் மகேந்திரன், 1979, புதுமைப்பித்தனின் சிற்றன்னையிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா அதில் எதையும் காதில் வாங்கவில்லை. "எல்லாரும் நல்லவனுங்கதான், சரி. இனிமே அந்தப் புள்ளைங்களுக்கு யாரு சோறு போடுவா?" என்றார்.

அந்தப் படத்தைப் பற்றி எவ்வளவோ கட்டுரைகள் படித்துவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அம்மாவுக்குத் திரைமொழி தெரியாது. நேற்று நடந்த அந்தப் பின்னூட்டப் பஞ்சாயத்தில் அம்மா எழுதியிருந்தால் அவரையும் "போய் சீரியல் பாருங்க அம்மா" என்று அனுப்பியிருப்பீர்கள். சீரியலும்தான் பார்த்தார். என்ன இப்போ?

"ஆனால் உழைப்பு இருக்கிறதே, நூற்றுக்கணக்கான பேரின் உழைப்பு" என்கிறார்கள். இருக்கிறது. மறுக்கவில்லை. அதற்காக நான் விழித்துக்கொண்டிருந்ததாகப் பொய் சொல்ல வேண்டுமா? படம் வந்த மூன்று நாளைக்கு விமர்சனமே கூடாது என்று தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள், 2024 டிசம்பரில். தடை போட நீதிமன்றம் மறுத்துவிட்டது. கோர்ட்டே கொடுக்காத தடையை நம் நட்புப் பட்டியல் ஒரே ராத்திரியில் கொடுத்துவிட்டது. அதுவும் படம் ஓடிடியில் எல்லாம் வந்து, எல்லாரும் பார்த்து முடித்த பிறகு! பணம் வாங்கிக்கொண்டு படத்தைக் கொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள் என்கிறீர்களா? இருக்கலாம். அவர்களைப் போய்ப் பிடியுங்கள். என் நாலு வரியால் யாருடைய வசூல் குறைந்தது?

உண்மையைச் சொன்னால், முகம் தெரியாதவர்கள் எழுதியது எனக்குப் பெரிதில்லை. யாரோ ஒருவருக்கு நான் ஈரமில்லாதவனாக இருந்துவிட்டுப் போகிறேன். அந்தப் பதிவுக்குக் கீழே ஒரு சிரிப்பு விழுந்திருந்தது. கல்லூரிக் காலத்திலிருந்து என் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து படம் பார்த்தவனுடைய சிரிப்பு. பின்னூட்டமாக எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை, பதில் சொல்லியிருப்பேன். வெறும் சிரிப்பு பொம்மை. போன் பண்ணினேன், எடுக்கவில்லை. "மச்சான், மீட்டிங்" என்று மெசேஜ் வந்தது. ராத்திரி பத்தரை மணிக்கு மீட்டிங்.

அதே ஆள்தான் இன்று காலை "சில படங்களைப் பார்க்க மனசு வேண்டும்" என்று தனியாக ஒரு பதிவும் போட்டிருக்கிறான். பெயர் சொல்லவில்லை, எனக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். லைக் பிய்த்துக்கொண்டு போகிறது. மகிழ்ச்சி.

நானும் பெயர் சொல்லவில்லை. இரண்டாம் பாதி முழுக்கப் போனைச் சட்டைப் பைக்குள் பாதி மறைத்து ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தது யார், நான் கண்ணயர்ந்தபோது தோளைத் தட்டி, "மச்சான், கிளம்பலாமா, கார் எடுக்க லேட்டாகும்" என்று எழுப்பியது யார் என்றெல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தச் சிரிப்பை எடுக்க இன்று ராத்திரி வரைக்கும் டைம் இருக்கிறது.